தாளில் கோடு, தளத்தில் குழாய்



காலைத் தேநீரில் கரையும் சர்க்கரையை எண்ணிப் பாருங்கள். பெருநாள் பாயசத்தில் கலக்கும் சர்க்கரையை, மக்தப் விட்டு வரும் குழந்தை எவரும் காணாமல் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் சர்க்கரையை எண்ணிப் பாருங்கள். சர்க்கரை என்றதும் கரும்புத் தோட்டம் நம் நினைவுக்கு வருகிறது. ஆலையின் புகைபோக்கி நினைவுக்கு வருகிறது. ஆனால், ஆலைக்குள் ஓடும் குழாய்கள் எவர் நினைவுக்கும் வருவதில்லை. உருளைகளுக்கிடையே பிழியப்பட்ட சாறு பாகாகத் திரளும் வரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்குச் செல்வதெல்லாம் குழாய்களின் வழியாகத்தான். குழாய் நன்றாக அமைந்தால் அதை யாரும் புகழ்வதில்லை. தவறாக அமைந்தால் ஆலை நிற்கிறது. சில வேளைகளில் உயிரும் போகிறது.

2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டமாக விளங்கும் நம் கள்ளக்குறிச்சி, கரும்புக்குப் பெயர் பெற்ற மண். கல்வராயன் மலையின் அடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே, கச்சிராயபாளையத்தில் ஒரு கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது. மூங்கில்துறைப்பட்டில் மற்றொன்று உள்ளது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையோரம் வரிசை கட்டி நிற்பதை இப்பகுதியில் பார்க்காதவர் இருக்க முடியாது. வெட்டிய கரும்பு நேரம் செல்லச் செல்ல எடையும் இனிப்பும் இழந்துகொண்டே இருக்கும். ஆலைக்குள் குழாயொன்று பழுதுபட்டு அரவை நின்றால், அந்த நட்டம் ஆலையோடு நிற்பதில்லை. வாசலில் காத்திருக்கும் விவசாயியின் வண்டி வரைக்கும் வந்துவிடுகிறது.

மத்ரஸாவில் அரபி இலக்கணம் கற்பிப்பவனுக்குக் குழாய்களைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கல்லூரியில் நான் படித்ததும் கலைப்பாடமே; பொறியியல் அன்று. எனினும் எங்கள் மாணவர்களில் பலருடைய தந்தையரும் தமையன்மாரும் வளைகுடா நாடுகளின் எண்ணெய் ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் பைப் ஃபிட்டராகவும் வெல்டராகவும் உழைக்கின்றனர். விடுமுறையில் ஊர் வரும்போது அவர்கள் பேசுவதைக் கேட்டும், பொறியியல் கற்றவர்களிடம் ஐயம் தெளிந்தும், நூல்களைப் படித்தும் நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு உங்கள் முன் வைக்கிறேன். நம் வீட்டுச் சோறு எந்தத் தொழிலிலிருந்து வருகிறதோ, அந்தத் தொழிலின் அடிப்படையை வீட்டில் உள்ளவர்களும் ஓரளவு அறிந்திருக்க வேண்டாமா?

ஒரு ஆலை, நான்கு பாத்திரம்

முதலில் நம்மூர்ச் சர்க்கரை ஆலையை வைத்தே குழாயின் பெருமையைக் காண்போம். தெளிந்த கரும்புச் சாற்றில் நூற்றுக்குச் சுமார் 15 பங்குதான் கரைந்த பொருள், எஞ்சியது நீர். பாகில் கரைபொருள் சுமார் 60 பங்காக உயர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ சாறு 25 கிலோ பாகாகச் சுண்ட வேண்டும். அதாவது 75 கிலோ நீர் ஆவியாக வேண்டும். ஒரே பாத்திரத்தில் வைத்துக் காய்ச்சினால் எரிபொருள் கட்டுப்படியாகாது.

இதற்கு வழி கண்டவர் நார்பர்ட் ரில்லியு என்பவர். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806-இல் பிறந்தவர். வெள்ளைத் தோட்ட முதலாளிக்கும் கறுப்பினம் கலந்த அன்னைக்கும் பிறந்து, நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் பாரிஸ் சென்று பொறியியல் பயின்றார். முதல் பாத்திரத்திலிருந்து எழும் ஆவியை வீணே வானில் விடாமல், அதைக் குழாய் வழியே கொண்டுபோய் இரண்டாம் பாத்திரத்தைச் சூடாக்கினார். இரண்டாவதன் ஆவி மூன்றாவதைச் சூடாக்கும். அடுத்தடுத்த பாத்திரங்களில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால், குறைந்த வெப்பத்திலேயே சாறு கொதிக்கும். 1843-இல் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். இவ்வாறு நான்கு பாத்திரங்களை இணைத்தால், ஒற்றைப் பாத்திரத்திற்குத் தேவைப்படும் நீராவியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே போதும்.

இங்கே கவனியுங்கள். அவர் புதிய பாத்திரம் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. நெருப்புக்குப் புதிய விறகும் தேடவில்லை. எதை எதனோடு இணைப்பது என்று சிந்தித்தார்; அவ்வளவே. சேமிப்பு முழுவதும் இணைப்பில் இருந்தது. இணைப்பு என்பதுதான் குழாய்.

கோடு போடுவதற்கு முன்

கனரகத் தொழிற்சாலை ஒன்றைக் கட்டும்போது குழாய்களை எப்படி வடிவமைக்கிறார்கள்? நம் வீட்டில் தண்ணீர்க் குழாய் பதிப்பது போல, ஆள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு அப்போதே வழி தீர்மானிக்க அங்கே இயலாது. பெரிய ஆலைகளில் குழாய்ப் பாதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே படிப்படியாகச் செல்கிறார்கள்.

முதலில், எந்தப் பாத்திரத்திலிருந்து எந்தப் பாத்திரத்திற்கு எது செல்கிறது, வழியில் எங்கெங்கு வால்வு, எங்கெங்கு அளவைக் கருவி என்பதைக் காட்டும் வரைபடம் தயாராகிறது. இதில் தூரமும் திசையும் இரா. தொடர்பு மட்டுமே இருக்கும். பிறகு ஒவ்வொரு பாதைக்கும் ஓர் எண் இட்டு, உள்ளே ஓடும் பொருள், அதன் வெப்பம், அழுத்தம், குழாயின் அளவு, உலோகம் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறார்கள். அதன் பின்னரே பாத்திரங்களை நிலத்தில் எங்கெங்கு நிறுத்துவது என்ற மனைப்படம். கடைசியில்தான் குழாய் செல்லும் பாதையும், ஒவ்வொரு குழாய்க்குமான தனி வரைபடமும் உருவாகின்றன. இந்தத் தனி வரைபடத்தை ஐசோமெட்ரிக் என்பார்கள். ஃபிட்டர் கையில் சேர்வது இதுதான்.

அளவு என்று சொன்னேன். அதுவும் அத்தனை எளிதன்று. குளிர்ந்த நீர் குழாயில் பொதுவாக விநாடிக்கு இரண்டு மீட்டர் அளவில் ஓடும். நீராவியோ முப்பது மீட்டர் வேகத்திலும் பாயும். ஒரு கிலோ நீர் ஒரு லிட்டர் இடத்தில் அடங்கும். அதே ஒரு கிலோ, சாதாரண காற்றழுத்தத்தில் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். சர்க்கரை ஆலையில் சாற்றுக் குழாய் சிறிதாக இருக்க, ஆவிக் குழாய் ஓர் ஆள் புகும் அளவுக்குப் பெருத்திருப்பதன் காரணம் இதுவே. பாகு கெட்டியானது, அதற்குக் குழாய் அகலமாகவும் குட்டையாகவும் இருக்க வேண்டும். சாற்றுக் குழாயிலோ முட்டுச் சந்து போல ஓட்டமற்ற பகுதி இருக்கலாகாது. இருந்தால் அங்கே சாறு தேங்கிப் புளித்துவிடும். நம் சகோதரிகள் இதை உடனே ஒப்புவார்கள். கழுவாத பாத்திரத்தின் மூலையில் ஒட்டிய பால், அடுத்த பாலையும் கெடுப்பதில்லையா?

பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2 அங்குலக் குழாய் என்று கடையில் கேட்டு வாங்கும் இரும்புக் குழாயின் வெளிவிட்டம் 60.3 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலத்தைவிட ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கூடுதல். 14 அங்குலம் முதல்தான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன. அறியாதவர் பெயரை நம்பி அளவெடுத்தால் தாங்கியும் பொருந்தாது; துளையும் பொருந்தாது.

இந்த வரிசையில் ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்வதுதான் வீண் செலவின் தாய் எனலாம். பம்பு செய்து தரும் நிறுவனம் தன் இயந்திரத்தின் வாய் எந்த உயரத்தில் இருக்கும் என்று எழுதித் தருவதற்கு முன்பே, உத்தேசமாகக் குழாயை வரைந்துவிடுகிறார்கள். பம்பு வந்து இறங்கும்போது வாய் ஒரு சாண் தள்ளியிருக்கிறது. வரைந்தது வீண், வெட்டியது வீண். அரபி எழுத்தில் கீழே ஒரு புள்ளி வைத்தால் ‘பா’; மேலே இரண்டு புள்ளி வைத்தால் ‘தா’. வடிவம் ஒன்றுதான், புள்ளி மாறினால் சொல்லே மாறிவிடும். குழாய் வரைபடத்தில் ஒரு சிறு குறியும் அத்தகையதே.

வெப்பத்தில் வளரும் இரும்பு

குழாயை நேர்கோட்டில் போட்டால் நீளம் குறையும், செலவும் குறையும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், நீராவிக் குழாய்கள் நெடுகச் சென்று, திடீரென ஒரு பக்கம் திரும்பி, வீட்டு வாசற்படியைப் போல மூன்று பக்கம் சுற்றி, மீண்டும் பழைய பாதைக்கு வருவதைப் பார்த்திருப்பீர்கள். இது வீண் அலங்காரமன்று. இரும்பு சூடானால் நீளும். 50 மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாய் 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 18 சென்டிமீட்டர் வளரும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. இரு முனைகளையும் இறுகப் பிடித்துவிட்டால், வளரும் இரும்பு எங்கே செல்லும்? பம்பின் கழுத்தை முறிக்கும். அல்லது தாங்கியைப் பெயர்க்கும். அந்த வளைவு, குழாய் மூச்சு விடுவதற்கான இடம்.

ஆக, திறமையான வடிவமைப்பு என்பது மிகக் குறைந்த குழாயில் வேலையை முடிப்பதன்று. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே தாராளமாக இருக்க வேண்டும் என்று பிரித்தறிவதே திறன். கொதிகலனிலிருந்து செல்லும் நீராவிக் குழாய்கள் நம் நாட்டில் சட்டத்தின் கண்காணிப்பில் உள்ளவை. 1923-ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் நூறாண்டுக் காலம் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. ஆள் மாறினாலும் அரசு மாறினாலும் இந்தக் கண்காணிப்பு மாறவில்லை என்றால், அதற்கு விலையாகச் சென்ற உயிர்களே காரணம்.

ஓர் இடத்திற்கு இருவர்

குழாய் வரைபவர் ஒருவர். இரும்புத் தூண் வரைபவர் வேறொருவர். மின் கம்பித் தட்டு வரைபவர் இன்னொருவர். மூவரும் தத்தம் தாளில் சரியாகவே வரைந்திருப்பார்கள். களத்தில் சென்று பார்த்தால் தூணின் நடுவே குழாய் செல்ல வேண்டியிருக்கும். ஒரே வீட்டில் மூன்று மருமகள்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் உலை வைத்த கதைதான்.

இதைத் தடுக்க மனிதன் நெடுங்காலமாகவே வழி தேடியிருக்கிறான். தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துக் அரசர்களிடம் பணியாற்றிய அல் ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியாளர், 1206-இல் தம் பெயர்பெற்ற இயந்திர நூலை எழுதி முடித்தார். இரண்டு உருளைகளும் உறிஞ்சு குழாய்களும் கொண்ட நீரேற்றும் பம்பு அதில் விளக்கப்பட்டுள்ளது. வால்வின் மூடியையும் இருக்கையையும் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்து, நீர் கசியாதவாறு பொருத்தும் முறையும் அதில் உண்டு. இவற்றைவிட நமக்கு இங்கே முக்கியமானது ஒன்று. உலோகத்தில் கை வைப்பதற்கு முன்பு காகிதத்தில் மாதிரி செய்து வடிவத்தை உறுதி செய்துகொள்ளும் பழக்கம் அவரிடம் இருந்தது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, தவறு செய்ய வேண்டுமானால் அதைக் காகிதத்தில் செய்துவிட வேண்டும் என்று அந்த மேதை அறிந்திருந்தார்!

இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய் ஆலைகளைக் கட்டியவர்கள் அதே வழியில், ஆலை முழுவதையும் பிளாஸ்டிக்கில் சிறு உருவமாகச் செய்து மேசை மேல் வைத்தனர். எழுபதுகளில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், ஆலையைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே முப்பரிமாணத்தில் எழுப்பும் மென்பொருள் உருவாயிற்று. இன்று பெரிய ஆலை எதுவும் அத்தகைய உதவியின்றி எழுவதில்லை. தூணும் குழாயும் மோதினால் கம்ப்யூட்டரே காட்டிக்கொடுக்கிறது. ஒவ்வொரு குழாய்க்குமான ஐசோமெட்ரிக் படத்தையும், வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் அதுவே அச்சிட்டுத் தருகிறது.

ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. கைச்சக்கரம் ஆளின் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில் இருந்தால் அதை எவர் திருப்புவார் என்று கம்ப்யூட்டர் தானாகக் கவலைப்படுவதில்லை. ஆபத்து வேளையில் ஓடி வந்து மூட வேண்டிய வால்வுக்கு ஏணி தேடும் நிலை வரலாகாது. களத்தில் வியர்வை சிந்தியவர்கள் வரைபடத்தைப் பார்வையிட வேண்டும். அவர்கள் சொல்லை மேசையில் இருப்பவர்கள் கேட்க வேண்டும்.

பட்டறையா, களமா?

வரைபடம் முடிந்தபின் அடுத்த கேள்வி, பற்றவைப்பை எங்கே செய்வது என்பது. களத்தில், சாரத்தின் மேல், வெயிலிலும் காற்றிலும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு பற்றவைப்பதற்கும், பட்டறைக்குள் மேசை உயரத்தில் குழாயை உருட்டி உருட்டிப் பற்றவைப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! ஆகவே, நீண்ட பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, வளைவும் பிளேன்ஜும் சேர்த்துப் பட்டறையிலேயே ஒட்டிச் சோதித்து, லாரியில் ஏற்றிக் களத்திற்கு அனுப்புகிறார்கள். இத்துண்டுகளை ஸ்பூல் என்பர். களத்தில் மிகச் சில இணைப்புகளே எஞ்சும்.

நம் தமிழகமே இதில் முன்னிற்கிறது என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1965 முதல் கொதிகலன்கள் செய்துவரும் திருச்சிராப்பள்ளியின் பெல் நிறுவனம், மின்நிலையக் குழாய்களுக்கென்றே புதுக்கோட்டை மாவட்டம் திருமயத்தில் தனி ஆலை நிறுவியுள்ளது. 2013 ஆகஸ்டில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

இதிலும் அளவறிதல் வேண்டும். ஸ்பூலை மிகப் பெரிதாக்கினால் லாரியில் ஏறாது. சாலை வளைவில் திரும்பாது. மிகச் சிறிதாக்கினால் களத்து இணைப்பு கூடிவிடும். மேலும், தூணும் அடித்தளமும் தாளில் உள்ளபடி அணுவளவும் பிசகாமல் அமையும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே, சில இடங்களில் குழாயை வேண்டுமென்றே ஒரு சாண் நீளமாக விட்டு அனுப்புவார்கள். களத்தில் அளந்து வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம். எந்த இடத்தில் அந்தச் சாணை விடுவது என்பதை முன்கூட்டியே நிர்ணயிப்பதில்தான் வடிவமைப்பாளரின் அனுபவம் தெரியும்.

பொருளிலும் மிச்சம் பிடிக்க வழியுண்டு. ஒரு கணக்கு. குழாய் 6 மீட்டர் நீளத்தில் வருகிறது. நமக்கு 3.2 மீட்டரில் நான்கு துண்டு வேண்டும். ஒரு குழாயிலிருந்து ஒரு துண்டுதான் கிடைக்கும். நான்கு குழாய் வாங்க வேண்டும். 24 மீட்டர் வாங்கி 12.8 மீட்டர் பயன்படுத்துகிறோம். பாத்திரத்தைச் சற்று நகர்த்தி அத்துண்டை 2.9 மீட்டராக்க முடியுமானால், இரண்டே குழாய் போதும். 12 மீட்டர் வாங்கி 11.6 மீட்டர் பயன்படுகிறது. துணி தைக்கும் சகோதரிகள், கத்தரிக்கோலை எடுக்கும் முன் துணியை விரித்து அளவுகளை இப்படியும் அப்படியும் வைத்துப் பார்ப்பதும் இதே அறிவுதான்.

இனி, ஒரே ஒரு இணைப்பு தவறாகிவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வெட்ட வேண்டும், முனையைத் தேய்த்துச் சரிக்க வேண்டும், மீண்டும் பொருத்திப் பற்றவைக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், நீர் நிரப்பி வடிவமைப்பு அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். தாளில் இருந்தபோது அதே தவறைத் திருத்த ஒரு ரப்பர் போதுமாயிருந்தது! வரைபட மேசையில் செலவிடும் ஒரு மணி நேரத்தைப் போல் மலிவான நேரம் அந்தத் திட்டம் முழுவதிலும் வேறில்லை.

தரையில் வரைந்த குழாய்

இவையெல்லாம் பணத்தைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய செய்தி ஒன்றையும் கேளுங்கள்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ என்னும் ஊரில் நைப்ரோ நிறுவனத்தின் இரசாயன ஆலை இருந்தது. நைலானுக்கான மூலப்பொருளை அங்கு தயாரித்தனர். ஆறு பெரிய கலன்கள் படிக்கட்டுப் போல ஒன்றைவிட ஒன்று சற்றுத் தாழ்வாக வரிசையில் நின்றன. 1974 மார்ச்சில் ஐந்தாம் கலனில் விரிசல் கண்டது. அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் தற்காலிகக் குழாயால் இணைத்து ஆலையை ஓட்ட முடிவு செய்தனர். உற்பத்தி நிற்கக் கூடாது என்ற அவசரம்.

கலன்களின் வாய் 28 அங்குலம். கையில் இருந்ததோ 20 அங்குலக் குழாய். இரு வாய்களும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததால் குழாயை இரண்டு இடத்தில் முறித்து ஒட்டினர். அதன் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பான, நீளக் குறுகக்கூடிய பெல்லோஸ் இணைப்புகள். தாங்கியாகக் கீழே சாரக் குழாய்கள். இதற்கு வரைபடம் எங்கே? பட்டறைத் தரையில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார்கள். அதுதான் வரைபடம். உள்ளிருந்து தள்ளும் அழுத்தம் வளைந்த குழாயை எந்தப் பக்கம் திருப்பும் என்று எவரும் கணக்கிடவில்லை. கணக்கிடத் தகுதியுள்ள இயந்திரப் பொறியாளர் பதவி அப்போது காலியாக இருந்தது. பொருத்தியபின் கசிவு உண்டா என்று சோதித்தார்கள். ஆனால், பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம் வரை ஏற்றிச் சோதிக்கவில்லை.

ஏறத்தாழ இரண்டு மாதம் அந்தக் குழாய் தாங்கியது. 1974 ஜூன் 1, சனிக்கிழமை மாலை அது முறிந்தது. கொதிநிலையில் இருந்த சைக்ளோஹெக்ஸேன் மேகமாகப் பரவித் தீப்பற்றி வெடித்தது. ஆலையில் இருந்த 28 பேர் மாண்டனர். 36 பேர் காயமுற்றனர். சுற்றுப்புற ஊர்களில் வீடுகள் சேதமுற்றன. விடுமுறை நாளாக இல்லாதிருந்தால் இறப்பு பன்மடங்காகியிருக்கும். விசாரணைக் குழு காரணமாகச் சுட்டியது அந்தத் தற்காலிகக் குழாயைத்தான்.

வாசகர்களே! அங்கே நேரத்தை மிச்சப்படுத்தியதாகவே அவர்கள் எண்ணினார்கள். வரைபடமும் கணக்கும் தாமதம் என்று தோன்றின. திறன் வேறு, அவசரம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஒருமுறை செய்ததை மறுமுறை செய்யாதிருப்பதும், செய்ததால் ஒருவர் உயிரும் போகாதிருப்பதுமே திறன்.

நம் பிள்ளைகளுக்கு

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். சவூதியில் ஜுபைல், யன்பு ஆகிய தொழில் நகரங்களை உருவாக்க 1975-இல் அரச ஆணையம் அமைந்தது முதல், அங்கும் கத்தாரிலும் அபுதாபியிலும் எழுந்த ஆலைகளில் தமிழகத்துக் கைகள் பதித்த குழாய்கள் ஏராளம். அத்தாவின் கையில் இருந்த கடைசிக் காணியையோ அம்மாவின் கழுத்தில் இருந்த நகையையோ அடகு வைத்துத்தான் பல பிள்ளைகள் விமானம் ஏறுகின்றனர். அங்கே சென்று பத்து ஆண்டுகள் கழித்தும் ஹெல்ப்பராகவே இருப்பவரும் உண்டு. மூன்றே ஆண்டில் ஃபோர்மேனாக உயர்ந்தவரும் உண்டு. உடல் வலிமையில் இருவருக்கும் வேறுபாடில்லை. ஒருவருக்கு ஐசோமெட்ரிக் படத்தைப் படிக்கத் தெரியும், மற்றவருக்குத் தெரியாது. ஊர் திரும்பியவர்கள் பலரும் சொல்லும் உண்மை இதுவே.

வரைபடம் படிக்கத் தெரிந்தவன், கையில் உள்ள தாளின் மூலையில் திருத்த எண் என்ன என்று முதலில் பார்ப்பான். மூன்றாம் திருத்தம் வந்துவிட்ட பிறகு முதல் திருத்தத்தை வைத்து வெட்டமாட்டான். வடக்குக் குறியைப் பார்ப்பான். பொருள் பட்டியலோடு படத்தை எண்ணிச் சரிபார்ப்பான். தூணில் மோதும் என்று தெரிந்தால் வெட்டுவதற்கு முன்பே எழுந்து சொல்வான். அவன் சொல்லும் அந்த ஒரு சொல்லால் நிறுவனத்தின் பணமும், சாரத்தின் மேல் நிற்கும் சக தொழிலாளியின் உயிரும் காக்கப்படலாம். சொல்லத் துணிவு வர வேண்டுமானால் முதலில் அறிவு வர வேண்டும்.

பெற்றோர்களே! பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தவுடன் பாஸ்போர்ட்டுக்கு அலைவதற்கு முன், அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலை ஒருமுறை மிதியுங்கள். ஃபிட்டர் பயிற்சியும் மெக்கானிக்கல் டிராப்ட்ஸ்மேன் பயிற்சியும் இரண்டே ஆண்டுகள். வெல்டர் பயிற்சி ஓராண்டு. மலையில் வாழும் பிள்ளைகளும் சமவெளிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்து கற்கும் கல்வி இது. இரண்டாண்டு தாமதமாகச் செல்கிறானே என்று வருந்தாதீர்கள். தாளில் செலவாகும் நேரம் வீணன்று என்று இத்தனை நேரம் பார்த்தோம். அது குழாய்க்கு மட்டுமல்ல, பிள்ளையின் வாழ்வுக்கும் பொருந்தும்.

இறுதியாக, இந்த மாதம் உங்கள் வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு பயிற்சி தருகிறேன். மாடித் தொட்டியிலிருந்து சமையலறைக் குழாய் வரை செல்லும் பாதையைப் பிள்ளையை வரையச் சொல்லுங்கள். மேலிருந்து கீழ் வரும் குழாய்க்கு நேர் கோடு. கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் செல்பவற்றுக்கு, இருபுறமும் முப்பது டிகிரி சாய்ந்த கோடுகள். ஐசோமெட்ரிக் என்பதன் அடிப்படை அவ்வளவே. ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து எழுதட்டும். எல்போ எத்தனை, டீ எத்தனை, வால்வு எத்தனை என்று ஓரத்தில் பட்டியலிடட்டும். பிறகு, இதே வேலையை ஓர் எல்போ குறைத்துச் செய்ய வழி உண்டா, வால்வு உம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். மகளையும் கேளுங்கள், வரைபட மேசையில் ஆண், பெண் என்ற பாகுபாடில்லை.

அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை குழாய் கசிந்து பிளம்பர் வரும்போது, சுவரை எங்கே உடைப்பது என்று அவர் தேட வேண்டியிராது.